டீலர் டூர், காஞ்சனபுரி, என் குடோன்: வெளிநாடு போனால் ஆள் மாறுமா?

பெயிண்ட்கடை (ஈரோடு):

ஒரு கேள்விங்க. வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்தால் ஆளே மாறிவிடுவான் என்று பலர் எழுதுகிறார்கள். நிஜமாகவே மாறுகிறதா, இல்லை பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த சந்தோஷத்தில் நாலு நாள் அப்படித் தோன்றுமா?

கேட்கக் காரணம் இருக்கிறது. நான் பெயிண்ட் வியாபாரி. எங்கள் தொழிலில் வருஷ டார்கெட்டை முடித்தால் கம்பெனிக்காரர்கள் டீலர்களை மொத்தமாக விமானம் ஏற்றி பாங்காக், பட்டாயா கூட்டிப் போவார்கள். கோரல் ஐலண்டு, சஃபாரி வேர்ல்டு, நகைக்கல் கடை. ராத்திரி ஏதாவது ஒரு இந்திய ஓட்டலில் ஜீரா ரைஸும் தால் ஃப்ரையும். தாய்லாந்துச் சாப்பாட்டைக் கண்ணிலேயே பார்க்காமல் தாய்லாந்து போய் வர முடியும், நம்புங்கள்.

இந்த முறை ஷாப்பிங்குக்கு என்று விட்டிருந்த நாளில் நானும் கரூர் டீலர் ஒருவரும் கழன்றுகொண்டோம். பாங்காக்கின் தொன்புரி ஸ்டேஷனில் காலை ரயில். வெளிநாட்டுக்காரர்களுக்கு 100 பாட் டிக்கெட். ஏசி எல்லாம் கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மூன்று மணி நேரத்துக்குள் காஞ்சனபுரி. க்வாய் நதிப் பாலத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

பாலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் இரும்புச் சட்டங்களில் வில் மாதிரி வளைந்திருப்பவை பழையவை. நடுவில் கட்டம் கட்டமாக நிற்கும் இரண்டும் 1945 குண்டுவீச்சில் உடைந்த பிறகு மாற்றியவை. கூட்டம் முழுக்க செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் எடுத்தோம்.

அங்கிருந்து ஊருக்குள் வந்தால் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்தின் பழைய பெயர்) பர்மாவுக்குப் போட்ட, அந்தப் பாலமும் சேர்ந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் செத்துப்போன போர்க்கைதிகள். கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே மட்டும். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஒவ்வொருவருக்கும் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு கல், அதில் பித்தளை நிறத்தில் ஒரு தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. சில தகடுகளில் கீழே வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. 23, 24, 22 என்று வயதைப் படித்துக்கொண்டே நடந்தோம். புல்லை அவ்வளவு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், ஒரு சருகு கிடையாது.

பக்கத்திலேயே மியூசியம். பாதையில் செத்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெருந்தொகை. கரூர்க்காரர் வெளியே வந்து சிகரெட்டைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, அப்ப நம்மாளுக எங்க இருக்கறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி திரும்பிப் போய் குழுவோடு குரூஸ் படகில் ஏறி பஞ்சாபிப் பாட்டுக்கு ஆடவும் செய்தேன். ஆனால் ஊருக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வி விடமாட்டேன் என்கிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

சும்மாஇரு:

பட்டாயா போய்விட்டு ஞானம் பெற்று வந்த முதல் டீலர் நீங்கள்தான் அண்ணே. வீட்டில் நம்பினார்களா?

விளையாட்டை விடுங்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஆபீசில் ஐரோப்பா போய் வந்தவர் ஒருவர் இருக்கிறார். அங்கே ஜீப்ரா கிராசிங்கில் கார் நிற்கிறது, நம்மாட்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று ஒரு மாதம் பேசினார். அவர் பைக் இன்றைக்கும் பிளாட்பாரத்தின் மேல்தான் வருகிறது.

நீங்கள் ஈரோடு. மேட்டூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். 1925லிருந்து 1934 வரை அந்த அணையைக் கட்டினார்கள். நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று கவர்னர் பெயர். கல் சுமந்தவர்களில் ஒருத்தர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். மலை ரயிலில் குன்னூர் போகிறோமே, பாறையை உடைத்தவன் யார்? "நம்மாளுக எங்க" என்று கேட்க 100 பாட் டிக்கெட் எதற்கு, பவானி பஸ் போதுமே.

கிள்ளான்வாசி (மலேசியா):

பெயிண்ட்கடை சகோதரருக்கு வணக்கம். கரூர்க்காரரின் கேள்விக்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் போனவர் என் தாத்தாவின் அண்ணன்.

எங்கள் பெரியவர்கள் அந்தக் காலத்தை 'ஜப்பான்காரன் காலம்' என்றுதான் சொல்வார்கள். ரப்பர் விற்பனை நின்றுபோய் தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அப்போதுதான் சயாமில் மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு தருகிறோம் என்று ஆள் எடுத்தார்கள். முதலில் சிலர் தாங்களாகவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் யாரும் வரவில்லை. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டு இழுத்துப் போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, வாசலை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றிய கதையைப் பல தோட்டங்களில் சொல்வார்கள். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனதாகக் கணக்கு. பெரும்பாலோர் தமிழர்.

சரக்கு வண்டியில் அடைத்து பான் போங் வரைக்கும் ரயில். அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் சரிந்தார்கள்.

அவர்களுக்கு ஏன் பெயர் இல்லை என்றால், எழுதி வைக்க ஆள் இல்லை. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எப்போது செத்தார், எங்கே புதைத்தோம் என்று திருட்டுத்தனமாகப் பட்டியல் எழுதி, சிலவற்றைக் கல்லறைக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு குழு அந்தப் பட்டியல்களோடு பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைக் கண்டுபிடித்தது. நீங்கள் பார்த்த பித்தளைத் தகடு அப்படி வந்தது. எங்கள் ஆட்களுடைய பெயர் தோட்டத்துக் கிராணியின் (குமாஸ்தாவின்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில் இருந்தது. சயாமுக்குப் போனதும் அதிலும் கோடு போட்டிருப்பார்கள். காட்டுக்குள் அவர்களோடு வைத்தியர் இல்லை, பலருக்கு எழுதவும் தெரியாது.

காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் என்ற கோயிலுக்குப் போனீர்களா? கல்லறைத் தோட்டத்துக்கு மிக அருகில். பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளை அங்கேதான் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து 2023இல் அங்கே ஒரு நடுகல் வைத்தார்கள். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

நானும் ஒருமுறை போனேன். மலேசிய எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரிலிருந்து பாங்காக் போகும் ரயிலில். அவர்கள் போன அதே தடம். எனக்குப் படுக்கை, வெள்ளை விரிப்பு. ஒருவர் வந்து பசியாற என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். சுயபரிசோதனை, வளர்ச்சி என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வீட்டு வேலையைச் செய்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பெயிண்ட்கடை:

அந்தக் கோயிலைத் தாண்டித்தான் நடந்து போனோம். உள்ளே போகவில்லை. மீன் பொரித்துக்கொண்டிருந்த கடை ஒன்று எதிரில் வந்துவிட்டது.

ஜன்னலோரம்:

எல்லோரும் போர், கல்லறை என்று பேசும்போது நான் அற்பமாக எழுதுகிறேனோ என்று தயக்கம். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நான் சியாங் மாய்க்குத் தனியாகப் போனேன். தனியாக என்றால் நிஜமாகவே தனியாக. அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு தெருவை முழுக்க அடைத்துக் கடை போடுகிறார்கள். பத்து மணிக்கு ஒரு தட்டு காவ் சோய் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே கொஞ்சம் முறுவலாகப் பொரித்த நூடுல்ஸ், ஓரமாக ஊறுகாய் போட்ட கடுகுக்கீரை. கடைக்கார அம்மா ஒரு கேள்விதான் கேட்டார், காரம் போடட்டுமா என்று. கல்யாணம் ஆயிற்றா, வீட்டுக்காரர் வரவில்லையா, எந்த ஊர்ப் பெண், இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை... எதுவும் இல்லை.

எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன்னால் ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து, எனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் யோசித்து ஆர்டர் செய்ததே இல்லை. வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. எனக்கு எது பிடிக்கும் என்று அந்த மெனு கார்டு முன்னால் முழித்தேன் பாருங்கள், அதுதான் என் சுயபரிசோதனை.

சும்மாஇரு சொல்வது ஆண்களுக்குச் சரி. பவானி பஸ்ஸில் போய் ராத்திரி பத்து மணிக்கு ஆற்றங்கரையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து அவளைப் பற்றி யோசிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

சும்மாஇரு:

ஜன்னலோரம், அந்தப் பாயிண்டுக்கு என்னிடம் பதில் இல்லை. விட்டுவிடுகிறேன்.

பெயிண்ட்கடை அண்ணனைத்தான் விடுவதாக இல்லை. கிள்ளான் சகோதரிக்கு அது சொந்தத் துக்கம். உங்களுக்கு? மியூசியம் டிக்கெட் வாங்கினீர்கள், மனசு கனத்தது, வந்தீர்கள். வந்த பிறகு ஈரோட்டில் ஏதாவது ஒன்று முன்பு மாதிரி இல்லாமல் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள்.

பெயிண்ட்கடை:

எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

கடைக்குப் பின்னால் குடோன். சுவரில் பூசும் புட்டி மாவு லாரி வந்தால் 40 கிலோ மூட்டை, இருபது லிட்டர் பக்கெட் எல்லாம் இறக்கி அடுக்க ஆட்கள் வருவார்கள். ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள். கான்ட்ராக்டர் அனுப்புவார். நமக்கு அவரோடுதான் கணக்கு. என் நோட்டில் 'லோடு 6 ஆள்' என்று இருக்கும். போனில் 'குடோன் பையா', 'குடோன் பையா 2' என்று இரண்டு நம்பர்.

தாய்லாந்திலிருந்து வந்து ஒரு வாரம் இருக்கும். லாரி வந்து நின்றது. அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் புதுசு. முன்பு ஒரு குட்டைப் பையன் இருப்பான், பக்கெட் மூடியில் பெயிண்டர்களுக்கான பரிசு டோக்கன் எங்கே இருக்கும் என்று பெயிண்டர்களுக்கே காட்டிக்கொடுப்பான். அவன் எங்கே என்று கேட்டேன். "காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டான், போய் ரெண்டு மாசம் ஆச்சு" என்றார்கள். அவன் பெயர் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஊர் ஒடிசாவில் ராயகடா பக்கம், அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கான்ட்ராக்டருக்கும் தெரியவில்லை. கரூர்க்காரர் கேட்ட கேள்வி அப்படியே என் குடோனுக்குள் வந்து நின்றது.

ஒரு நோட்டு போட்டேன். பெயர், அப்பா பெயர், ஊர், போஸ்ட், மாவட்டம், வீட்டில் பேச வேண்டிய நம்பர். ஆதாரை போனில் காட்டினார்கள், பார்த்து எழுதினேன். மேஜையில் எனக்கு எதிரே நின்று, எழுத்து சரியா என்று ஒருவன் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிச் சொன்னான். டிகிரி ஒரு வருஷம் படித்தவனாம். மூன்று வருஷமாக வருகிறான், நான் அவனிடம் ஹிந்தியில் இரண்டே வார்த்தைதான் பேசியிருக்கிறேன், 'இதர் ரக்கோ' (இங்கே வை).

மறுநாள் கான்ட்ராக்டர் போன் போட்டார். "என்னங்ணா, போலீஸ்ல ஏதாச்சும் கேட்டாங்களா?"

இது மாற்றமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இழையே ஆரம்பித்தேன்.

கணக்குப்பிள்ளை (கோவை):

தொழில்முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் போட்ட நோட்டு உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979லேயே சட்டம் வந்துவிட்டது. கான்ட்ராக்டர் ஒவ்வொரு ஆளுக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், எங்கே வேலை, எத்தனை நாள், என்ன கூலி என்று அதில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது (2025இல் அதற்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). விபத்தோ மரணமோ நடந்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அதில் கான்ட்ராக்டருடையதாகத்தான் இருந்தது. நான் பார்த்த குடோன்களில் அந்தப் பாஸ்புக்கை ஒருதடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. தணிக்கைக்குப் போகும் இடத்தில் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஒரே கையெழுத்து பதினைந்து பேருக்கு இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. பெயர் எழுதியது நல்லது. மூட்டைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா? காய்ச்சல் வந்தவன் ராயகடா வரைக்கும் ரயிலில் போனான் என்றால், ஈரோட்டில் அவனுக்கு ஆஸ்பத்திரி இல்லை என்று அர்த்தம்.

பெயிண்ட்கடை:

கூலி விஷயம் கான்ட்ராக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதுவதற்கு இல்லை.

சும்மாஇரு:

அதானே பார்த்தேன்!

வடமராட்சி (டொராண்டோ):

எல்லாருடைய கதையையும் வாசித்தேன். நீங்கள் பயணத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்களில் பலர் பயணம் போகவில்லை, வெளிக்கிட்டு வந்தோம். அந்த நேரம் தன்னைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? பனிக்காலத்தில் இரவு ஷிப்ட், பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் விறைக்கும். அதில் ஒருவருக்கும் உள்ளொளி பிறக்கவில்லை.

எனக்கு அது நடந்தது திரும்பிப் போனபோதுதான். சுற்றுலா விசாவில் சொந்த ஊருக்கு. கொழும்பு - யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவி 1990இல் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பங்கருக்குக் கொண்டுபோனார்கள். 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் வந்தது. கொழும்பிலிருந்து அதில் ஏறிப் போனேன். பக்கத்தில் இருந்த சிங்களக் குடும்பம் நாகதீப விகாரைக்குப் போகிறவர்கள், எனக்கு மாலு பாண் (மீன் வைத்த பாண்) தந்தார்கள். பெடியன் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான், முதல் தடவையாக யாழ்ப்பாணம் போகிறீர்களா என்று. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பெயிண்ட்கடை அண்ணை, உங்கள் குடோன் பெடியன்களுக்கு ஈரோடுதான் வெளிநாடு. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். எங்களை வைத்து வேலை வாங்கிய முதலாளிமாரைப் பற்றி நாங்கள் இங்கே கதைக்காத கதையா?

பெயிண்ட்கடை:

இதுவரை யோசிக்கவில்லைங்க. தூக்கம் போயிற்று.

ஜன்னலோரம்:

ஒரு சின்ன உதவி. அடுத்த லீவுக்குக் காஞ்சனபுரி போகலாம் என்று இருக்கிறேன். பாலத்தோடு திரும்பாமல் பாதை முடியும் வரை போக முடியுமா?

பெயிண்ட்கடை:

அதே ரயில் நாம் டோக் வரைக்கும் போகும். இடது பக்கம் ஜன்னல் பிடியுங்கள். தாம் க்ராசே என்ற இடத்தில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் மரப்பாலத்தின் மேல் வண்டி நடக்கிற வேகத்தில் ஊரும். நாங்கள் அதுவரை போகவில்லை, காஞ்சனபுரியில் விடுதி நடத்தும் பெண் சொன்னார். ஹெல்ஃபயர் பாஸ் என்று பாறையைக் கையால் உடைத்து வழி பண்ணிய இடம் அதற்கும் அப்பால், பஸ்ஸில் போக வேண்டும். ஆஸ்திரேலிய அரசாங்கம் கட்டிய மியூசியம் இருக்கிறது, கட்டணம் இல்லை. படி நிறைய. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். விசா விதியை மட்டும் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

கிள்ளான்வாசி அவர்களுக்கு. ராசிபுரம் பக்கம் எங்கள் அப்பாவின் சித்தப்பா ஒருவர் 'பால்மரக் காட்டுக்குப்' (மலாயா ரப்பர் தோட்டத்துக்கு) போனார், போருக்கு அப்புறம் கடிதம் வரவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். இத்தனை நாளும் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம், பாட்டி திட்டிக்கொண்டே செத்துப்போனார். இந்த இழையைப் படித்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. தேட வழி உண்டா? பெயரும் ஊரும் மட்டும் தெரியும்.

கிள்ளான்வாசி:

ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது கஷ்டம் ஐயா. ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டும். பழைய கடிதம் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா? உறையைத் தூக்கிப் போட்டிருந்தால்கூடக் கடிதத்தின் தலைப்பில் தோட்டம், டிவிஷன், பக்கத்து டவுன் பெயர் எழுதியிருப்பார்கள். உறை இருந்தால் தபால் முத்திரையைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்புங்கள். பணம் அனுப்பிய ரசீது, கங்காணி (ஆள் கூட்டிப் போன மேஸ்திரி) பெயர், அவரோடு அதே ஊரிலிருந்து போன வேறு குடும்பம், எது கிடைத்தாலும் எழுதுங்கள். நம்மாட்கள் தோட்டத்துப் பெயர்களைத் தமிழில் மாற்றிச் சொல்வார்கள், அதனால் வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இங்கே விசாரிக்கிற பெரியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.